விலைப்புள்ளியை வாசிப்போம்: வீட்டுக்கும் தொழிலுக்கும் ஒரு மேசைக்கணினி

கடன் விண்ணப்பத்துடன் எங்கள் மேசைக்கு வரும் தாள்களுள் விலைப்புள்ளி பெரும்பாலும் கடைசித் தாளாக இருக்கும். கடையின் முத்திரை உள்ளதா, மொத்தத் தொகை விண்ணப்பத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவது எங்கள் வழக்கம். பொருளைத் தேர்ந்தெடுப்பது வாங்குபவரின் பொறுப்பு, திருப்பிச் செலுத்தும் திறனைக் கணிப்பது எங்கள் பொறுப்பு என்று எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் முழுவதும் சரியன்று என்பதை ஒரு வாடிக்கையாளர் எங்களுக்கு உணர்த்தினார்.

அவர் தம் வீட்டின் முன்னறையில் அமர்ந்து ஏறத்தாழ நாற்பது சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதித் தருபவர். பகலில் அவருடைய தொழிலுக்கும், மாலையில் பதினொன்றாம் வகுப்பில் பயிலும் மகளின் படிப்புக்கும் ஒரே கணினிதான். எங்கள் கடனில் வாங்கிய அந்தக் கணினியின் ஹார்டு டிஸ்க், வருமானவரிப் படிவங்கள் குவியும் ஜூலை மாதத்தின் மூன்றாம் வாரத்தில் பழுதாயிற்று. வணிகர்களின் கணக்கேடுகள், வருடிச் சேமித்த ஆவணங்கள், முந்தைய ஆண்டுகளின் கணக்கீட்டுத் தாள்கள் யாவும் அதனுள் இருந்தன. வேறிடத்தில் இருந்த ஒரே நகல், பதினொரு மாதங்களுக்கு முன் ஒரு பென் டிரைவில் எடுத்தது. தரவை மீட்டுத் தருவோர் பதினெட்டாயிரம் ரூபாய் கேட்டனர். மீளும் என்ற உறுதியை மட்டும் தரவில்லை. முப்பத்தாறு தவணைகளுள் இருபத்தொன்பது முடிந்திருந்தன. கணினி நின்றுவிட்டது, எஞ்சிய ஏழு தவணைகள் நிற்கவில்லை.

அடுத்த வாரம் அவர் புதிய விலைப்புள்ளியுடன் வந்தார். மொத்தம் ரூ.92,000. இம்முறை அத்தாளை வரிவரியாக வாசித்தோம். உயர்தர ஐ7 செயலி, தனி கிராஃபிக்ஸ் அட்டை, வண்ண விளக்குகள் எரியும் கண்ணாடிப் பெட்டி, 27 அங்குல வளைதிரை ஆகியவை அதில் இருந்தன. ராம் 8 ஜி.பி. மட்டுமே. சேமிப்புக்குப் பழையது போன்றே ஒரு ஹார்டு டிஸ்க். யு.பி.எஸ். இல்லை. நகல் எடுத்து வைக்க எதுவும் இல்லை. விண்டோஸுக்கு எதிரே விலை குறிக்கப்படாமல், ‘ஏற்றித் தரப்படும்’ என்று மட்டும் எழுதியிருந்தது. பணம் பெருமளவில் செலவாகவிருந்தது. ஆனால் எது முறிந்து அவர் துன்புற்றாரோ, அதற்கு ஒரு ரூபாயும் ஒதுக்கப்படவில்லை.

அன்று அவருடன் அமர்ந்து நாங்கள் கற்றதையே இங்கு வாசகர்களுக்குப் பாடமாகத் தருகிறோம்.

முதலில் பணிகளை எழுதுக

கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளில், இந்தக் கணினியில் யார் யார், என்னென்ன வேலை, நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் செய்வர் என்று எழுத வேண்டும். நம் வாடிக்கையாளர் எழுதிய பட்டியல் சிறியது: கணக்கு மென்பொருள், எக்செல் தாள்கள், வரித்துறை இணையத்தளங்கள், ஆவணங்களை வருடுதல், அச்சிடுதல், மகளுக்கு நிரல் எழுதும் பயிற்சி, காணொளி வகுப்பு. இவற்றுள் ஒன்றுகூடத் தனி கிராஃபிக்ஸ் அட்டையைக் கோருவதில்லை. காணொளி தொகுப்போருக்கும், கட்டட வரைபடம் வரைவோருக்கும், கனமான விளையாட்டுகளை விளையாடுவோருக்கும் அது தேவை. மற்றவர்களுக்கு அது விலையையும் மின்செலவையும் கூட்டுமேயன்றிப் பயன் தராது.

மேசைக்கணினியா, மடிக்கணினியா என்பதையும் அத்தாளே தீர்மானிக்கும். வெளியிடங்களுக்கு எடுத்துச் செல்ல வேண்டியவருக்கு மடிக்கணினியே ஏற்றது. ஒரே இடத்தில் நாள்முழுதும் அமர்பவருக்கு மேசைக்கணினியின் பெரிய திரையும், தனி விசைப்பலகையும் கழுத்துக்கும் கைக்கும் இதமானவை. ஓர் உறுப்பு பழுதானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். திரைக்குள்ளேயே யாவும் அடங்கிய ‘ஆல் இன் ஒன்’ வகை பார்வைக்கு அழகியது. ஆயினும் திரை பழுதானால் கணினியே முடங்கும். இடம் குறைவாக உள்ளோர் உள்ளங்கையளவுள்ள ‘மினி பி.சி.’ வகையைக் கருதலாம். அது மின்சாரத்தையும் சிக்கனமாகச் செலவிடும்.

செயலி: பெயரைவிடத் தலைமுறை முக்கியம்

ஐ3, ஐ5, ஐ7 என்னும் பெயர்களைக் கண்டு, எண் கூடினால் கணினி சிறந்தது என்று பலர் முடிவு செய்கின்றனர். தலைமுறையையும் சேர்த்தே நோக்க வேண்டும். இன்டெல் நிறுவனத்தின் ஐ5-12400 என்ற செயலியில் முதல் இரண்டு இலக்கங்களாகிய 12, அது பன்னிரண்டாம் தலைமுறை என்பதைக் காட்டும். (அண்மைய ‘கோர் அல்ட்ரா’ வரிசையில் எண்முறை வேறு.) பல தலைமுறைகள் முந்திய ஐ7 செயலியைவிடப் புதிய ஐ3 செயலி அலுவலகப் பணிகளை விரைவாக முடிக்கக்கூடும். கணக்கு, இணையம், ஆவணம் ஆகிய பணிகளுக்குப் புதிய தலைமுறை ஐ3 அல்லது ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 3 போதும். ஐந்தாறு ஆண்டுகள் மனநிறைவோடு பயன்படுத்த விரும்புவோர் ஐ5 அல்லது ரைசன் 5 வாங்கலாம்.

ஒரு சிறு எழுத்தையும் கவனிக்க வேண்டும். இன்டெல் செயலியின் எண்ணுக்குப் பின் ‘எஃப்’ என்று இருந்தால், அதனுள் கிராஃபிக்ஸ் வசதி கிடையாது. திரையில் படம் தெரியவே தனி அட்டை வாங்க வேண்டும். எஃப் வகை சற்று மலிவு என்று வாங்கி, பின்னர் அதைவிட அதிக விலை கொடுத்து அட்டை வாங்குவது சிக்கனமாகாது.

ராமும் சேமிப்பகமும்

கணினி மெதுவாக இயங்குகிறது என்ற குறைக்குப் பெரும்பாலும் செயலி காரணமன்று. ராம் போதாமையும் ஹார்டு டிஸ்க்கின் தாமதமுமே காரணங்கள். இன்று 8 ஜி.பி. ராம் என்பது குறைந்த அளவு. கணக்கு மென்பொருளும், பத்துப் பதினைந்து இணையப் பக்கங்களும், காணொளி வகுப்பும் ஒருசேரத் திறந்திருக்கும் வீட்டுக்கு 16 ஜி.பி. பொருந்தும். பின்னாளில் கூட்டிக்கொள்ள ஒரு செருகுவாய் காலியாக உள்ளதா என்று கேட்டறிதல் நன்று.

ஹார்டு டிஸ்க் என்பது சுழலும் தட்டுகளையும், அவற்றின்மேல் மிக நெருங்கி நகரும் முனையையும் கொண்ட இயந்திரம். எஸ்.எஸ்.டி. என்பதில் சுழலும் உறுப்பே இல்லை. ஆகவே இயங்குதளமும் மென்பொருள்களும் எஸ்.எஸ்.டி.யில் இருந்தால் கணினி விரைவில் தொடங்கும், கோப்புகள் உடனே திறக்கும். என்விஎம்இ வகை எஸ்.எஸ்.டி., பழைய சாட்டா வகையைவிட வேகமானது. அலுவலகப் பணிக்கு 512 ஜி.பி. தாராளமானது. புகைப்படங்களும் காணொளிகளும் மிகுதியாக வைத்திருப்போர், கூடுதலாக ஒரு ஹார்டு டிஸ்க்கைச் சேர்த்துக்கொள்ளலாம்.

எஸ்.எஸ்.டி. வாங்கிவிட்டால் தரவு பாதுகாப்பாகிவிடும் என்று கருதுவது தவறு. அதுவும் ஒருநாள் பழுதாகும். பழுதானால் மீட்பது சில வேளைகளில் ஹார்டு டிஸ்க்கைவிடக் கடினம். எந்தச் சேமிப்பகமும் ஒருநாள் கைவிடும் என்று எண்ணியே நடந்துகொள்ள வேண்டும். எளிய விதி ஒன்று உண்டு: எந்த ஆவணத்துக்கும் மூன்று படிகள், அவை இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறிடத்தில். கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, கிளவுட் சேமிப்பிலோ உறவினர் வீட்டிலோ ஒன்று என்று வைத்தால் விதி நிறைவேறும். நகல் எடுத்தபின் வெளி டிஸ்க்கைக் கணினியிலிருந்து கழற்றிவிட வேண்டும். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் தீய நிரல்கள், இணைந்திருக்கும் டிஸ்க்குகளையும் சேர்த்தே பூட்டிவிடும்.

திரையும் விசைப்பலகையும்

நாள்தோறும் நம் கண் படுவது திரையின்மீதுதான். 22 முதல் 24 அங்குலம், 1920-க்கு 1080 புள்ளிகள், ஐ.பி.எஸ். வகை ஆகிய மூன்றும் அமைந்தால் எண்கள் நிறைந்த தாள்களை இடர்ப்பாடின்றிப் படிக்கலாம். உயரத்தைச் சரிசெய்ய இயலும் தாங்கி இருப்பின் சிறப்பு. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திற்கு அருகே இருக்க வேண்டும். தமிழில் தட்டச்சு செய்வோர் தனி விசைப்பலகை தேட வேண்டியதில்லை. சென்னையில் 1999-இல் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட ‘தமிழ்99’ அமைப்பு இன்றைய விண்டோஸிலேயே உள்ளது. அமைப்புகள் பகுதியில் சேர்த்துக்கொண்டால் போதும்.

‘ஏற்றித் தரப்படும்’ விண்டோஸ்

விலைப்புள்ளியில் மிகுந்த ஆபத்து மறைந்திருந்தது இந்த வரியில்தான். உரிமம் இல்லாத விண்டோஸைத் திறந்துதரும் நிரல்கள் பெரும்பாலும் பாதுகாப்பு மென்பொருளை முடக்கச் சொல்லும். பிறகு அவற்றுடன் என்ன உள்நுழைந்தது என்பதை நாம் அறிய முடியாது. தட்டும் ஒவ்வொரு விசையையும் பதிவு செய்து வெளியே அனுப்பும் நிரல் நுழைந்தால், இணையவழி வங்கியின் கடவுச்சொல்லும் அதனுடன் போய்விடும். சட்டமும் இதை விலக்குகிறது: 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 63-பி பிரிவு, உரிமமற்ற மென்பொருள் என்று அறிந்தே பயன்படுத்துவோருக்குத் தண்டனை விதிக்கிறது. எனவே உரிமத்தின் விலை விலைப்புள்ளியிலும் பில்லிலும் தனி வரியாக இடம்பெற வேண்டும்.

அச்செலவைத் தவிர்க்க விரும்புவோர்க்கு லினக்ஸ் என்னும் நேரிய வழி உண்டு. அதில் இணையம், கடிதம், கணக்குத்தாள் ஆகிய பணிகளை லிப்ரே ஆபீஸ் போன்ற இலவச மென்பொருள்களால் செய்யலாம். ஆனால் உங்கள் கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையொப்ப டோக்கன், அச்சுப்பொறி ஆகியவை அதில் இயங்குமா என்பதை வாங்குமுன் உறுதி செய்துகொள்க.

பயன்படுத்திய கணினியை மலிவாக வாங்குவோர்க்கு ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பு வேண்டும். இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே ஏற்கப்படுகின்றன. அலுவலகங்கள் கழித்துவிட்ட நான்காம், ஆறாம் தலைமுறைக் கணினிகள் கடைகளில் பளபளப்பாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றை வங்கிப் பணிக்கு வாங்குமுன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மின்சாரத்துக்கு ஒரு வரி

திடீரென மின்சாரம் நின்றால், எழுதிக்கொண்டிருந்த கணக்குக்கோப்பு சிதையக்கூடும். 600 வி.ஏ. திறனுள்ள யு.பி.எஸ். ஒன்று, சாதாரண அலுவலகக் கணினியில் கோப்புகளைச் சேமித்து முறையாக நிறுத்தப் போதிய சில நிமிடங்களைத் தரும். அதில் லேசர் அச்சுப்பொறியை இணைக்கக் கூடாது. அது இழுக்கும் மின்சாரத்தை யு.பி.எஸ். தாங்காது. சுவர்ச் செருகுவாயில் எர்த் இணைப்பு சரியாக உள்ளதா என்று மின்பணியாளரைக் கொண்டு சோதிப்பதும் தேவை. திரையுடன் சேர்த்து 80 வாட் செலவிடும் கணினி, நாளொன்றுக்கு 8 மணி நேரம், மாதம் 25 நாள் இயங்கினால் 16 யூனிட் ஆகும். உங்கள் மின்கட்டண விகிதத்தால் இதைப் பெருக்கிப் பார்க்கலாம்.

பணத்தை எங்கிருந்து எடுப்பது?

இது எங்கள் துறை. ஆகவே சற்று விரிவாகவே கூறுகிறோம்.

முதலாவதாக, வணிகர்கள் நடைமுறை மூலதனத்துக்கான கேஷ் கிரெடிட் கணக்கிலிருந்து கணினி வாங்கக் கூடாது. சரக்கு வாங்கி விற்றுத் திரும்பிவர வேண்டிய பணம் இயந்திரத்தில் முடங்கினால், பண்டிகைக் காலக் கொள்முதலுக்குக் கை வறளும். பல ஆண்டுகள் உழைக்கும் பொருளுக்குத் தவணைக் கடனே முறையானது. குறுந்தொழில் புரிவோர் பிரதமரின் முத்ரா திட்டத்தில் ‘சிசு’ பிரிவின்கீழ் ரூ.50,000 வரையும், ‘கிஷோர்’ பிரிவின்கீழ் அதற்குமேல் ரூ.5 லட்சம் வரையும் விண்ணப்பிக்கலாம்.

இரண்டாவதாக, ‘வட்டியில்லாத் தவணை’ என்னும் விளம்பரத்தை ஆராய வேண்டும். பூச்சிய விழுக்காடு வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013-இல் வங்கிகளுக்கு எழுதிய சுற்றறிக்கையில் சுட்டிக்காட்டியது. ரொக்கமாகச் செலுத்துவோர்க்குக் கிடைக்கும் தள்ளுபடி உங்களுக்கு மறுக்கப்பட்டால், அந்தத் தள்ளுபடியே நீங்கள் செலுத்தும் வட்டி. கடன் அட்டைத் தவணையாயின், செயல்முறைக் கட்டணமும், வட்டிப் பகுதியின்மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேரக்கூடும். ‘ரொக்கமாகத் தந்தால் என்ன விலை?’ என்ற ஒரே கேள்வி உண்மையை வெளிக்கொணரும்.

மூன்றாவதாக, நிலைவட்டி முறையையும் குறையும் நிலுவை முறையையும் குழப்பிக்கொள்ளலாகாது. ரூ.40,000 கடனுக்கு ஓராண்டுக்கு 10 விழுக்காடு நிலைவட்டி என்றால் வட்டி ரூ.4,000, மாதத் தவணை ஏறத்தாழ ரூ.3,667. ஆனால் மாதந்தோறும் அசல் குறைந்துவரினும் முழு அசலுக்கே வட்டி கணக்கிடப்படுவதால், குறையும் நிலுவை முறையில் இது ஏறத்தாழ 18 விழுக்காட்டுக்குச் சமம். அதே கடனை 15 விழுக்காடு குறையும் நிலுவை வட்டியில் பெற்றால் தவணை ஏறத்தாழ ரூ.3,610 தான். பத்து என்று கேட்டது பதினைந்தைவிட அதிகம் என்பதைக் காண்க.

நான்காவதாக, வரிச்சலுகைகள். கணினிக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு. வழக்கமான முறையில் பதிவு பெற்ற வணிகர், தம் பதிவெண் குறித்த பில்லைப் பெற்றால் அதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். இணக்கமுறையில் உள்ளோர்க்கும் பதிவு பெறாதோர்க்கும் அது இல்லை. வருமானவரிக் கணக்கில் கணினிக்குத் தேய்மானம் 40 விழுக்காடு. வரி நீங்கலாக ரூ.50,000 மதிப்புள்ள கணினிக்கு முதலாண்டில் ரூ.20,000, அடுத்த ஆண்டில் எஞ்சிய ரூ.30,000-இல் ரூ.12,000 கழிக்கலாம். வாங்கிய ஆண்டில் 180 நாள்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் முதலாண்டில் பாதியே, அதாவது ரூ.10,000. வரவாக எடுத்த ஜி.எஸ்.டி. தொகைக்குத் தேய்மானமும் கோரக் கூடாது. அனுமான வருமான முறையில் வரி செலுத்தும் வணிகர்க்குத் தேய்மானம் தனியே கிடைக்காது. வீட்டுக்கும் பயன்படும் கணினியாயின், தொழிலுக்குப் பயன்பட்ட பங்கு மட்டுமே இரு சலுகைகளுக்கும் உரியது.

பில்லும் உத்தரவாதமும்

பில்லில் ஒவ்வோர் உறுப்பின் பெயரும், மாதிரி எண்ணும், வரிசை எண்ணும், உத்தரவாதக் காலமும் இருக்க வேண்டும். நிறுவனம் தயாரித்த முழுக்கணினிக்கு ஒரே உத்தரவாதம்; கடையில் பொருத்தித் தரும் கணினிக்கு உறுப்புக்கு ஓர் உத்தரவாதம். பணியாளர் வீட்டுக்கே வந்து சரிசெய்வாரா, நாம் சேவை மையத்துக்குச் சுமந்து செல்ல வேண்டுமா என்பதை முன்னரே கேட்க வேண்டும். தொழில் செய்வோர்க்கு இரண்டு நாள் முடக்கம் என்பது இரண்டு நாள் வருமான இழப்பு. திரை, யு.பி.எஸ். போன்றவற்றில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் உள்ளனவா என்று பார்த்துக்கொள்க. குறை தீர்க்கப்படாவிடில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

ஒரே கணினி, இரு பயனர்கள்

வீட்டாரும் தொழிலும் பகிரும் கணினியில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு அமைக்க வேண்டும். மென்பொருள் நிறுவும் அதிகாரம் மூன்றாவதான ஒரு நிர்வாகக் கணக்கில் மட்டும் இருக்கட்டும். அன்றாடப் பணிக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம். வங்கிக் கடவுச்சொல்லை உலாவியில் சேமிக்கலாகாது. தொலைவிலிருந்து உதவுவதாகக் கூறி ஒரு மென்பொருளை நிறுவச் சொல்லும் அழைப்புகளைத் துண்டித்துவிடுக. பணம் பறிபோனால் தாமதியாது 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பழைய கணினியைக் கழிக்கும்போது, கோப்புகளை நீக்கினால் மட்டும் அவை அழிவதில்லை. சேமிப்பகத்தை முழுவதும் துடைத்தோ, கழற்றி வைத்துக்கொண்டோ, எஞ்சியதைப் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

திருத்திய விலைப்புள்ளி

நம் வாடிக்கையாளர் அன்று மாலையே கடைக்குச் சென்று வேறொரு விலைப்புள்ளி வாங்கி வந்தார். ஐ5 செயலி, 16 ஜி.பி. ராம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., 24 அங்குலத் திரை, உரிமம் பெற்ற விண்டோஸ், யு.பி.எஸ்., 1 டி.பி. வெளி ஹார்டு டிஸ்க் யாவும் சேர்ந்து ரூ.62,000. இருபத்து நான்கு மாதங்களுக்கு 12 விழுக்காடு வட்டியில் கணக்கிட்டால், முதல் விலைப்புள்ளிக்கு மாதத் தவணை ரூ.4,331, இதற்கு ரூ.2,919. பழைய கடனின் ஏழு தவணைகளையும் சேர்த்துச் சுமக்க வேண்டிய அவருக்கு, மாதம் ரூ.1,412 சிறு தொகையன்று.

இழந்த கணக்குகள் மீளவில்லை. வணிகர் ஒவ்வொருவரிடமும் சென்று தாள்களைத் திரும்பப் பெற்று எழுதினார். அதற்குள் நால்வர் வேறு கணக்கரிடம் சென்றுவிட்டனர். இப்போது சனிக்கிழமைதோறும் மகள் வெளி டிஸ்க்கில் நகல் எடுக்கிறாள். ஞாயிறன்று அது சித்தப்பா வீட்டு அலமாரிக்குச் செல்கிறது.

எங்கள் கிளையிலும் ஒரு மாற்றம் நேர்ந்தது. கணினிக்கான விலைப்புள்ளி வரும்போது முத்திரையைப் பார்ப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்கிறோம்: இதில் என்ன வேலை செய்வீர்கள்? மின்சாரம் நின்றால் என்ன செய்வீர்கள்? டிஸ்க் நின்றால் என்ன செய்வீர்கள்? வாங்குவோர் இவற்றைக் கடையில் தாமே கேட்டுக்கொண்டால், எங்களிடம் வரும் விலைப்புள்ளி பெரும்பாலும் சரியானதாகவே இருக்கும்.